கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்

கேள்வி: மூன்று மாதமாக போல்டரிங் (தாழ்வான சுவரில் கயிறு இல்லாமல் ஏறுவது) போகிறேன். இப்போது கயிறு கட்டி உயரமான சுவர்களில் ஏற ஆசை வந்துவிட்டது. ஆனால் நண்பர்கள் யாருக்கும் இதில் ஆர்வம் இல்லை. என்னைப் போன்ற கற்றுக்குட்டியோடு ஏற யாராவது வருவார்களா? எப்படிக் கேட்பது?

பதில்: வருவார்கள். நீங்கள் எவ்வளவு கடினமான பாதையில் ஏறுகிறீர்கள் என்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. டாப் ரோப் என்ற முறையில் கயிறு சுவரின் உச்சி வழியாக மேலிருந்தே தொங்குகிறது; ஒரு முனை ஏறுபவரிடம், மறுமுனை கீழே நிற்பவரிடம். நீங்கள் எளிய பாதையில் ஏறி இறங்குங்கள், உங்களோடு வருபவர் அடுத்த சுவரில் தனக்கேற்ற கடினமான பாதையில் ஏறட்டும். இருவர் திறமைக்கும் இடைவெளி இருந்தாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் பார்ப்பதெல்லாம் ஒன்றைத்தான்: தான் மேலே இருக்கும்போது கீழே நிற்கும் இவர் கயிற்றைச் சரியாகப் பிடிப்பாரா?

அதனால் ஆள் தேடுவதற்கு முன்னால் பிலே, அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடித்து ஏறுபவரைக் காப்பதை, கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றுச் சுவர் உள்ள பெரும்பாலான ஜிம்களில் இதற்கு வகுப்பு உண்டு. கற்றபின் அவர்களே சோதித்துப் பார்த்து அனுமதிப்பார்கள். அந்த வகுப்புக்கு உங்களைப் போலவே துணை இல்லாமல் வந்த இன்னும் சிலர் இருப்பார்கள். பலருக்கு முதல் துணை அங்கேயே அமைந்துவிடுகிறது.

அப்புறம், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் போங்கள். முகம் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆளுக்குப் பதில் இயந்திரமே கயிற்றைப் பிடிக்கும் ஆட்டோ பிலே சுவருக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களைக் கவனியுங்கள். அவர்களில் பலர் துணை கிடைக்காமல்தான் அங்கே நிற்கிறார்கள். இருவராக வந்தவர்களிடமும் தயங்காமல் கேட்கலாம். மூன்றாவது ஆள் சேர்ந்தால் ஒருவருக்கு ஓய்வு கிடைக்கும். கேட்கும்போது மழுப்பாமல் சொல்லுங்கள்: "எனக்கு டாப் ரோப் பிலே தெரியும், லீட் இன்னும் தெரியாது. ஒரு மணி நேரம் சேர்ந்து ஏறலாமா?" (லீட் என்பது ஏறுபவரே கயிற்றைக் கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே ஏறுவது.) தெரியாததையும் சேர்த்துச் சொல்பவரை அனுபவசாலிகள் நம்புவார்கள்.

ஆனால் கேட்பதற்கு முன்னால் அவர் பிலே செய்வதை ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அவருடைய பிரேக் கையை, அதாவது கயிறு ஓடாமல் நிறுத்தும் கையை. கயிற்றை இறுக்க உதவும் பிலே கருவிக்குக் கீழே வரும் கயிற்றை அந்தக் கை பிடித்திருக்கும். கயிற்றை இழுத்த பிறகு கையை மேலே நகர்த்த வேண்டுமானால், மற்றக் கை வந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகே பிரேக் கை கயிற்றை விடாமல் அதன்மேலேயே வழுக்கி மேலே வரும். ஒரு நொடிகூட அது கயிற்றை விட்டு விலகக் கூடாது. கிரிகிரி போன்ற கருவி தானாகவே இறுக்கிக்கொள்ளும் என்று கையை எடுத்துவிடுகிறவர், எவ்வளவு நன்றாக ஏறினாலும் உங்களுக்கு வேண்டாம். போனைப் பார்த்துக்கொண்டு பிலே செய்கிறவரும் அப்படித்தான்.

ஆள் கிடைத்துவிட்டால், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். இடுப்பில் கட்டும் ஹார்னஸ் பட்டையின் பக்கிள் இறுகியிருக்கிறதா, அதில் கயிற்றைக் கட்டும் எட்டு முடிச்சு முழுமையாக இருக்கிறதா, பிலே கருவியில் கயிறு சரியான பக்கம் போகிறதா, கருவியை மாட்டும் கராபினர் வளையம் பூட்டியிருக்கிறதா? கண்ணால் பார்ப்பதோடு விடாமல் கையால் தொட்டுப் பாருங்கள். லின் ஹில் உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவர். 1989-ல் பிரான்சின் பூவூ பாறையில், முடிச்சை முழுமையாகப் போட மறந்துவிட்டு ஏறினார். உச்சியில் கயிற்றில் சாய்ந்ததும் 20 மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார். அவருக்கே நடந்தது நமக்கும் நடக்கலாம். இந்தச் சோதனையைக் கேட்டுச் சலித்துக்கொள்கிற ஒருவரோடு நான் ஏற மாட்டேன்.

எடையையும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். ஏறுபவர் மிகவும் கனமானவராக இருந்தால், அவர் விழும்போது கீழே நிற்பவரைக் கயிறு மேலே தூக்கிவிடும். அவரைக் கீழேயே பிடித்துவைக்க மணல்மூட்டையோ தரையில் கொக்கியோ இருக்கிறதா என்று ஜிம் ஊழியரிடம் கேளுங்கள். என்னென்ன சொற்கள் பயன்படுத்துவது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். கயிற்றை இறுக்க 'டேக்', தளர்த்த 'ஸ்லாக்' என்பது வழக்கம். மேலிருந்து கேட்கும்போது இரண்டும் குழம்பக்கூடாது.

வெளியே பாறைக்குப் போக அழைத்தால் அவசரப்படாதீர்கள். அங்கே கயிற்றைத் தாங்கும் ஆங்கரைப் பாறையில் அமைப்பது, கயிற்றின் நீளத்தைக் கணக்கிடுவது, கடைசி முனையில் முடிச்சுப் போடுவது என்று வேறு பாடங்கள் இருக்கின்றன. இருவரும் புதியவர்கள் என்றால் அனுபவமுள்ள மூன்றாவது ஆள் இல்லாமல் போக வேண்டாம்.

முதல் நாளில் எளிய சுவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் ஏறியதும் "டேக்" சொல்லிக் கயிற்றில் உட்காருங்கள். கயிறு உடனே இறுகுகிறதா, இறக்கும்போது மெதுவாக, சீராக இறக்குகிறாரா என்று பாருங்கள். பிறகு அவரையும் அதேபோல் செய்யச் சொல்லுங்கள். மனதுக்கு ஒப்பவில்லை என்றால், "இன்றைக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு போல்டரிங் பக்கம் போய்விடலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.