ஆழமான சொத்தை என்றாலே ரூட் கெனால்தானா?

கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி போய்வரும் தம்பி கேட்டிருந்தார்: “கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. ரூட் கெனால் செய்தே ஆகணுமா?”

அப்படி இல்லை, தம்பி. ரூட் கெனால் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை. விடியற்காலை ஜீப்பில் மலையேறும்போது குளிர்காற்று பட்டுச் சுரீரென்று கூசி, வாயை மூடிய சில நொடிகளில் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் பற்கூழ், அதாவது நரம்பும் ரத்தமும் ஓடும் பகுதி, பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ஓரத்துச் சொத்தையை முழுக்கச் சுரண்டிவிட்டு, பற்கூழை ஒட்டிய மெத்தென்ற இடத்தை மட்டும் தொடாமல், எச்சில் கசியாதபடி இறுக்கமாக அடைப்பார்கள். தீனி கிடைக்காத கிருமிகள் ஒடுங்கும்; பற்கூழும் உள்பக்கம் புதிதாக டென்டினை, அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான பல் அடுக்கை, வளர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அடைப்பின் இறுக்கம்தான் இதில் உயிர்நாடி. சரி, எக்ஸ்ரே பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், ராத்திரியில் தானாகவே விண்விண்ணென்று தெறித்தால் கதை வேறு. அன்றைக்கு ரூட் கெனாலே தேவைப்படலாம். மாத்திரை போட்டு நாள் கடத்தாமல் உடனே போய்க் காட்டுங்கள்.