பணவீக்கம் குறைந்தால் பஞ்சப்படி குறையுமா?

கேள்வி: திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். இந்த ஏப்ரலில் பஞ்சப்படியில் மாதத்துக்கு 15 ரூபாய்தான் ஏற்றினார்கள். ‘பணவீக்கம் 5 சதவீதத்திலிருந்து 3 ஆக இறங்கிவிட்டது’ என்கிறார் பட்டறையின் கணக்கு ஆலோசகர். இன்னொருவர், நிலுவையில் கால் பங்கு கொடுத்தால் மீதியை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: இரண்டாமவருக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்க ஒரு வெள்ளைத்தாளும் சம்பளச் சீட்டின் நகலும் போதும். அலுவலக வாசலில் ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று தோளில் கை போடுகிறவர்கள் விற்பது உங்களுக்கு ஏற்கெனவே உரிமையுள்ள பொருளைத்தான். முன்பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

முதலாமவர் சொன்னது பாதி உண்மை. விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் இறங்கியது. விலைவாசியை அளக்கும் குறியீட்டு எண் 120 என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் ஏறினால் 126. மறு ஆண்டு 3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 129.8. பஞ்சப்படி இந்த எண்ணைப் பார்த்துப் போடப்படுகிறது, சதவீதத்தைப் பார்த்து அல்ல. தொலைக்காட்சியில் மாதாமாதம் சொல்லும் பணவீக்கம் வேறு துறையின் வேறு கணக்கு. உங்களுக்கு வேண்டியது மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கென்று வெளியிடும் எண். அதிலும் சென்னைக்கான எண். தமிழ்நாட்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான 12 மாதச் சராசரியை எடுத்து, ஏப்ரல் 1 முதல் பஞ்சப்படியை மாற்றுகிறார்கள்.

இப்போது அந்த 15 ரூபாய்க்கு வருவோம். எனக்குச் சந்தேகம் அடிப்படை ஆண்டின் மேல்தான், அதாவது விலைவாசியை 100 என்று வைத்துக் கணக்கைத் தொடங்கும் ஆண்டு. அந்த எண்ணின் அடிப்படை ஆண்டு 1960, 1982, 2001, 2016 என்று மாறி வந்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டும், 1982 குடும்பத்தின் செலவில் செல்போன் ஏது? ஆனால் எண்ணை மாற்றுகிறவர்கள் ஒரு பக்கம், குறைந்தபட்சக் கூலிக்கான அரசு அறிவிப்பை எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். ‘ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய்’ என்று அறிவிப்பில் இருப்பது பழைய 1982 புள்ளியாக இருக்கலாம். அனைத்திந்திய அளவில் 2016 எண்ணை 2.88ஆல் பெருக்கினால் 2001 எண், அதை 4.63ஆல் பெருக்கினால் 1982 எண். அதாவது புதிய ஒரு புள்ளி பழைய 13 புள்ளிக்குச் சமம். புள்ளிக்கு 4 ரூபாய் என்று கொண்டால், மேலே சொன்ன 3.8 புள்ளி ஏற்றத்தை அப்படியே பெருக்கினால் 15 ரூபாய்தான் வரும். பழைய கணக்குக்கு மாற்றினால் 50 புள்ளி, 200 ரூபாய். உங்கள் ஆலோசகர் இதைத் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒன்று கவனம்: 2.88 நாடு முழுமைக்கான காரணி. சென்னைக்குத் தனிக் காரணி உண்டு, அதைத்தான் போட வேண்டும்.

ஒரு விலக்கு இருக்கிறது, பலர் ஏமாறும் இடம் அதுதான். இந்தப் பஞ்சப்படி குறைந்தபட்ச ஊதியத்தோடு சேர்ந்தது. அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, அரசு நிர்ணயித்த தொகையைவிட நீங்கள் ஏற்கெனவே அதிகம் வாங்கினால், ஏப்ரல் உயர்வைத் தனியாகக் கொடுக்கும்படி முதலாளியை அந்த அறிவிப்பை வைத்து நெருக்க முடியாது. தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தால் கதை வேறு. வாங்குகிற மொத்தத்தைச் சொல்லாமல் ‘நிலுவை வருமா’ என்று கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. தரகர் அதைக் கேட்காமலே ‘வரும்’ என்றாரே, அதிலிருந்தே அவரைத் தெரிந்துகொள்ளுங்கள். அதேபோல், அதிகம் கொடுத்து வந்த சம்பளத்தை இந்தக் கணக்கைக் காட்டிக் குறைக்கவும் கூடாது.

இவ்வளவு பெருக்கலும் வகுத்தலும் ஒரு லேத் தொழிலாளி செய்ய வேண்டியதே இல்லை. மாநிலத் தொழிலாளர் துறை, தொழில்வாரியாக ஏப்ரல் முதல் எவ்வளவு என்று பட்டியல் வெளியிடுகிறது. எத்தனை பட்டறைச் சுவரில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? உங்கள் தொழிலுக்குரிய பட்டியலையும் அறிவிப்பின் நகலையும் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியலில் உள்ள மொத்தத்தைவிட உங்கள் சீட்டின் மொத்தம் குறைந்தால், வித்தியாசத்தை மாதவாரியாக எழுதி மனுவோடு இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.