கைவிலங்கு இல்லாத போலீஸ்: டார்ஃபூர் போயிட்டு வந்த அக்காவோட பதில்கள்

சாட்ஸ்வொர்த்ல இருந்து எழுதறேன். எஸ்.ஏ.பி.எஸ்.ல, அதான் நம்ம தென்னாப்பிரிக்கா போலீஸ்ல, வேலை பாத்து ரிட்டயர் ஆயாச்சு. 2009ல ஒரு வருஷம் சூடான்ல, உள்நாட்டுச் சண்டை நடந்த டார்ஃபூர்ல, நியாலா ஊர்ல, ஐ.நா.வும் ஆப்பிரிக்க யூனியனும் சேந்து நடத்தின யுனாமிட்ங்கற அமைதி காக்கற மிஷன்ல போலீஸா இருந்தேன். போறப்ப இன்ஸ்பெக்டர், வந்த கொஞ்ச நாள்ல வாரண்ட் ஆபிசர், ப்ரமோஷன்னு நினைச்சுடாதீங்க, 2010ல நம்ம போலீஸ்ல ரேங்க் பேர மாத்தினாங்க அவ்ளோதான். கோயில்ல பேச்சுவாக்குல இத சொல்லப் போக ஆளாளுக்கு கேள்வி எழுதி அனுப்பிட்டாங்க. பாட்டிகிட்ட கத்துக்கிட்ட தமிழ், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

பீனிக்ஸ் தம்பி: அக்கா, அங்க துப்பாக்கி வச்சிருந்தீங்களா? எத்தன பேர அரெஸ்ட் பண்ணீங்க?

துப்பாக்கியும் இல்ல, ஒருத்தரையும் அரெஸ்ட் பண்ணவும் இல்ல தம்பி. அந்த நாட்டுக்குன்னு போலீஸ் இருக்கு, சட்டம் இருக்கு, நாங்க போனது விருந்தாளி மாதிரி. பாக்கணும், எழுதணும், உள்ளூர் போலீஸுக்கு டிரெயினிங் குடுக்கணும், இந்த கேஸ் என்னாச்சுன்னு ஸ்டேஷனுக்கு நடையா நடக்கணும். ஆயுதம் எல்லாம் எஃப்.பி.யு.காரங்க கிட்டதான், அது ஒரே நாட்டுல இருந்து மொத்தமா வர்ற 140 பேர் யூனிட். எல்லா மிஷனும் இப்படி இல்ல, 1999ல கொசோவோவுலயும் கிழக்கு திமோர்லயும் ஐ.நா.வே நிர்வாகம் பண்ணுச்சு, அதனால அங்க ஐ.நா. போலீஸே அரெஸ்ட் பண்ணாங்க. எனக்கு இத்தன வருஷம் இடுப்புல தொங்கின கனம் திடீர்னு இல்லாமப் போயி மொத வாரம் நடையே கோணலாப் போச்சு.

லெனேசியா அண்ணன்: கேஸ உள்ளூர் போலீஸ்கிட்டயே குடுக்கணும்னா நீங்க எதுக்கும்மா போனீங்க?

நானும் அங்க ராத்திரி படுத்துக்கிட்டு இதயே தான் அண்ணா யோசிப்பேன். நியாலா பக்கத்துல கல்மான்னு ஒரு பெரிய முகாம், சண்டைல சொந்த நாட்டுக்குள்ளயே ஊர விட்டு ஓடி வந்தவங்க இருந்தது. நான் போறதுக்கு முன்னாடி, 2008 ஆகஸ்ட் 25ம் தேதி, அரசாங்கப் படைங்க அத சுத்தி வளைச்சு சுட்டதுல 30 பேருக்கு மேல செத்துட்டாங்க. அப்புறம் அந்த ஜனங்ககிட்ட போயி "உங்க புகார ஸ்டேஷன்ல குடுங்க"ன்னு எந்த வாய வச்சு சொல்றது?

ஒரு நாள் ஒரு பொண்ணு வந்துச்சு, இருபது வயசு இருக்கும். எங்க மொழிபெயர்ப்பாளர் ஆம்பள. அவர் இருந்த வரைக்கும் ஆட்டுக்கு சீக்குன்னே பேசிக்கிட்டு இருந்துச்சு. அவர் தொழுகைக்கு எழுந்து போனதும் என் கைய புடிச்சு தன் வயித்து மேல வச்சுச்சு, ஒரு வார்த்த பேசல. விறகு பொறுக்கப் போன இடத்துல நடந்தது. அதுக்கப்புறம்தான் பெரிய சிக்கலே. கற்பழிப்பு கேஸுக்கு அங்க ஃபார்ம் 8னு ஒரு போலீஸ் பேப்பர் உண்டு, அது இல்லாமயே வைத்தியம் பாக்கலாம்னு விதிய மாத்தியும் நிறைய எடத்துல அத கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. அந்தக் காலத்து சட்டப்படி நிரூபிக்க முடியலன்னா புகார் குடுத்த பொண்ணு மேலயே முறைதவறின உறவுன்னு குத்தம் திரும்பற பயமும் இருந்துச்சு. அதுக்கு மேல 2009 மார்ச்ல சர்வதேச குற்றவியல் கோர்ட்டு அப்ப சூடான் அதிபரா இருந்த பஷீருக்கு வாரண்ட் போட்டதும் அவர் 13 வெளிநாட்டு தொண்டு நிறுவனங்கள வெளிய அனுப்பிட்டார், அதுல வைத்தியம் பாத்தவங்களும் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு புகார் குடுக்கல. நானும் குடுன்னு சொல்லல, அது சரியா தப்பான்னு இன்னைக்கும் தெரியல.

எங்களால உருப்படியா முடிஞ்சது விறகு ரோந்து. விடியக்காலைல பொம்பளைங்க கழுதையோட கிளம்புவாங்க, முன்னாடி ஒரு வண்டி பின்னாடி ஒரு வண்டி, அவங்க நடை வேகத்துக்கு நாங்க ஊர்ந்து போவோம். வெட்டி கட்டி ஏத்தற வரைக்கும் வெயில்ல நிப்போம். வண்டி கூட இருந்த நாள் ஒண்ணும் நடக்கல. வண்டி கெட்டுப் போனாலோ, இன்னைக்கு ரோடு க்ளியரன்ஸ் இல்லன்னு அரசாங்க ஆளு திருப்பி அனுப்பினாலோ, அவங்க தனியாதான் போவாங்க. அடுப்பு எரியணுமே.

மேரிட்ஸ்பர்க் மாமா: ஐ.நா.கிட்ட இல்லாத ஆளா? நிறைய பேர அனுப்ப வேண்டியதுதானே?

2007ல ஐ.நா. பாதுகாப்பு சபை இந்த மிஷனுக்கு தீர்மானம் 1769 போட்டப்ப 3,772 தனி ஆபிசர், கூட 19 எஃப்.பி.யு.ன்னு பேப்பர்ல அனுமதி குடுத்தாங்க மாமா. டார்ஃபூர் நம்ம க்வாசூலு-நேட்டால் மாகாணத்த விட அஞ்சு மடங்கு பெருசு. அனுமதி வேற, ஆள் வர்றது வேற, நாடுங்க மெதுவாத்தான் அனுப்பும். வர்றவங்களும் ஒருத்தர் டிராஃபிக், ஒருத்தர் ஆபீஸ்ல ஃபைல் பாத்தவர், எங்க டீம்ல மூணு பேர் ஸ்டேட்மென்ட் எழுதினா மூணும் மூணு தினுசா இருக்கும். ஒரு வருஷத்துல முகாம் தலைவருங்க, உம்தா, ஷேக் எல்லாரும் பேரு சொல்லிக் கூப்பிடற அளவு பழகுவோம், அப்ப டிக்கெட் வந்துடும். புதுசா வர்றவர் மறுபடி அ, ஆவுல இருந்து ஆரம்பிப்பார்.

வெருலம் தாத்தா: 1989ல நமீபியாவுக்கும் ஐ.நா. போலீஸ் வந்தாங்களே, அது நல்லாதானே போச்சு?

முடிவு நல்லா வந்துச்சு தாத்தா, ஆரம்பம் கஷ்டம்தான். விடுதலைக்குப் போராடினவங்கள வேட்டையாடின தென்னாப்பிரிக்கா போலீஸ் படை கூவூட், அந்த ஆளுங்க உள்ளூர் போலீஸ் யூனிஃபார்ம்ல கேஸ்பிர்ங்கற கவச வண்டில புதருக்குள்ள புகுந்து போவாங்க, ஐ.நா. போலீஸோட சாதா வண்டி பின்னாடி போக முடியாம நிக்கும், கண்காணிக்கற லட்சணம் அது. அப்புறம் ஆள 1,500 வரைக்கும் ஏத்தி, தாங்கற வண்டியும் தேடிப் புடிச்சாங்க.

மிட்ராண்ட்ல இருந்து ஒரு தம்பி: ஐ.நா. போலீஸ்காரரே தப்பு பண்ணா யார் கேப்பா?

சங்கடமான கேள்வி. உள்ளூர் கோர்ட்டு தொடணும்னா, கேஸ் போட முடியாதபடி அந்த ஆளுக்கு இருக்கற சட்டப் பாதுகாப்ப ஐ.நா. பொதுச்செயலாளர் விலக்கணும். பெரும்பாலும் ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க, மிச்சம் அவர அனுப்பின நாட்டு பொறுப்பு. சில நாட்டுல வெளிநாட்டுல பண்ண குத்தத்துக்கு கேஸ் போட சட்டமே கிடையாது. பாதிக்கப்பட்டவங்களுக்கு பதில் எழுதிப் போடறது கூட பல தடவ நடக்காது. இதுல ஐ.நா.வ நான் காப்பாத்தப் போறதில்ல.

க்ராஸ்மூர் அண்ணி: இங்க கூப்பிட்டா வர வண்டி இல்லைங்கறாங்க, சூடானுக்கு ஆள் அனுப்பினாங்களா?

கோவம் நியாயம்தான் அண்ணி. அங்க தங்கற படிய ஐ.நா. குடுத்துச்சு, அதுலதான் என் வீட்டுக் கூரை மாத்தினேன், மறைக்க மாட்டேன்.

டோங்காட் அக்கா: என் மருமக எஸ்.ஏ.பி.எஸ்.ல இருக்கா, போகணும்ங்கறா. என்ன பண்ணணும்?

குறைஞ்சது அஞ்சு வருஷ சர்வீஸ், 25 வயசு ஆயிருக்கணும், மொழி டெஸ்ட், டிரைவிங் டெஸ்ட். பொம்பளைங்க வேணும்னு ஐ.நா. கேட்டுக்கிட்டே இருக்கு. நிறைய பேர் கவுந்து போறது டிரைவிங்லதான் அக்கா, எங்க பேட்ச்ல நல்லா கேஸ் விசாரிக்கற ஒருத்தர், ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டினவர், ஃபோர் பை ஃபோர்ல ரிவர்ஸ் எடுக்கறப்ப மூணு தடவ வண்டிய நிறுத்திட்டார், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்க வீட்டு பக்கி, அந்த சின்ன லாரி, கியர் வண்டிதானே, சனிக்கிழம சாவிய அவகிட்ட குடுங்க.