48 கிலோவில் 16 ஆண்டுகள்: ரியோகோ தானி பற்றி நீங்கள் கேட்டவை

போன வாரம் ஜப்பானின் ஜூடோ வீராங்கனை ரியோகோ தானியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவே இல்லை. பள்ளிக் காலத்தில் 44 கிலோ எடைப் பிரிவிலும் பிறகு 48 கிலோவிலும் மாநில அளவில் ஆடியவள் நான். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஜூடோ பார்த்ததே இல்லை அக்கா. யார் இவர்?

1975 செப்டம்பர் 6-ஆம் தேதி ஃபுகுவோகாவில் பிறந்தவர். உயரம் 146 சென்டிமீட்டர். அண்ணன் ஜூடோ கற்பதைப் பார்த்துவிட்டு எட்டு வயதில் தானும் போய்ச் சேர்ந்தார். கல்யாணத்துக்கு முன் பெயர் தமுரா. 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2008 பீஜிங் என ஐந்து ஒலிம்பிக், ஐந்திலும் பதக்கம்: வெள்ளி, வெள்ளி, தங்கம், தங்கம், வெண்கலம். உலகச் சாம்பியன் பட்டம் ஏழு முறை. எல்லாமே 48 கிலோ பிரிவில். ஜப்பானியர்கள் அவரை ஒரு காமிக்ஸ் நாயகியின் பெயரால் 'யவாரா-சான்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

146 செ.மீ. உயரத்தை வைத்துக்கொண்டு எப்படி எல்லோரையும் தூக்கிப் போட்டார்?

குள்ளமாக இருப்பது ஜூடோவில் குறையே இல்லை. எதிராளியை எறிய வேண்டுமானால் உங்கள் இடுப்பு அவர் இடுப்புக்குக் கீழே போக வேண்டும். உயரமானவர் அதற்கு முழங்காலை நன்றாக மடக்கி இறங்கியாக வேண்டும், தானி ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். அதனால்தான் முதுகில் ஏற்றி வீசும் செயோய்-நாகே அவருக்கு அவ்வளவு இயல்பாக வந்தது.

ஆனால் உள்ளே நுழைவதற்கு முன்பே எதிராளியின் சமநிலை குலைந்திருக்க வேண்டும். குசுஷி என்று சொல்வது அதைத்தான். சட்டையைப் பிடித்து இழுத்து, அவர் எடை ஒரு காலுக்கோ விரல் நுனிக்கோ போன அந்த நொடியில் நுழைய வேண்டும். இதற்காக எறியாமல் நுழைவதை மட்டும் நூற்றுக்கணக்கான தடவை செய்வார்கள், அதற்கு உச்சிகோமி என்று பெயர். பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். ஜூடோக்காரர் வாழ்க்கையில் பாதி அதிலேயே போகிறது.

தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தவர் அட்லாண்டாவில் எப்படித் தோற்றார்?

இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

1990-இல் ஃபுகுவோகா சர்வதேசப் போட்டியில், நான்கு முறை உலகச் சாம்பியனான பிரிட்டனின் கேரன் பிரிக்ஸைத் தோற்கடித்தபோது இவருக்கு வயது 15. அடுத்து 1992. ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ முதல்முறையாகப் பதக்கப் போட்டியானது அந்த ஆண்டுதான். 16 வயதில் இறுதிப் போட்டிவரை போய் பிரான்ஸின் செசில் நோவாக்கிடம் தோற்றார். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் யாராலும் அவரை வெல்ல முடியவில்லை. 84 ஆட்டங்கள் தொடர் வெற்றி. அட்லாண்டா தங்கம் அவருக்கென்றே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

இறுதிப் போட்டியில் எதிரே வந்தவர் வட கொரியாவின் கே சுன்-ஹுய். சிறப்பு அனுமதியில் வந்திருந்தவர், வெளியுலகம் அதிகம் பார்த்திராத பெண். அவருக்கும் வயது 16! அதற்குள் தமுராவின் ஒவ்வொரு அசைவையும் எல்லா நாட்டுப் பயிற்சியாளர்களும் வீடியோவில் பார்த்திருப்பார்கள். கேயைப் பற்றி யாரிடமும் எதுவும் இல்லை. அந்த ஆட்டத்தில் யாரும் இப்பான் (ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் முழுப் புள்ளி) வாங்கி விழவில்லை. சின்னப் புள்ளிகளில் போன ஆட்டம் அது. ஆனால் வெள்ளியோடு இரண்டாவது முறையாகத் திரும்புவது சாதாரண விஷயமா? கே சும்மா வந்து போனவரும் இல்லை. பிறகு மேல் எடைப் பிரிவுகளில் நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனார்.

இன்னொரு விஷயம். 2002-இல் ஜப்பானுக்குள் தானியின் 65 ஆட்டத் தொடர் வெற்றியை முடித்துவைத்த ஃபுகுமி தோமோகோ பள்ளி மாணவி. அவருக்கும் அப்போது 16 வயது. என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன்.

சிட்னி இறுதிப் போட்டி 36 விநாடியில் முடிந்ததே, அதிர்ஷ்டமா?

இல்லை. ரஷ்யாவின் புருலெதோவாவை உச்சி-மாத்தா போட்டு எறிந்தார். எதிராளியின் இரண்டு கால்களுக்கு நடுவே தன் காலை விட்டு மேலே வாரி எடுக்கும் வீச்சு அது. முதுகு முழுதாகப் பாயில் பட்டால் இப்பான், ஆட்டம் அங்கேயே முடிந்தது. போட்டிக்கு முன் "அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம்" என்று சொல்லியிருந்தார். இரண்டு வெள்ளி வாங்கியவர் இப்படிப் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஜெயித்த பிறகு, முதல் காதலரை ஒருவழியாகச் சந்தித்துவிட்டது போல இருக்கிறது என்றார்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன் அக்கா. 51 கிலோ இருக்கிறேன். ஒரே வாரத்தில் 48-க்கு வரச் சொல்கிறார்கள். தானியும் இப்படித்தானே இருந்திருப்பார்?

வேண்டாம் கண்ணு. தயவுசெய்து செய்யாதே. தானி வளர்ந்த பெண், 146 செ.மீ. உடம்பு, அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தியது. நீ இன்னும் வளர்கிறாய். தண்ணீர் குடிக்காமல், பட்டினி கிடந்து எடை காட்டினால் பிடியில் பலம் இருக்காது, தலை சுற்றும், மாதவிடாய் தவறும். 52 கிலோவில் ஆடு. ஒரு வருடம் தோற்றாலும் பரவாயில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு போய் பயிற்சியாளரிடம் பேசு.

2008-இல் தேர்வுப் போட்டியில் தோற்றவரை ஒலிம்பிக் அனுப்பியது நியாயமா?

2007-இல் தேசியப் போட்டியின் இறுதியில் ஃபுகுமியிடம் தோற்றார், ஆனாலும் உலகப் போட்டிக்கு அனுப்பினார்கள். ரியோவில் நடந்த அந்தப் போட்டியிலிருந்து தங்கத்தோடு வந்தார். 2008 தேசிய இறுதிப் போட்டியில் யமாகிஷி எமியிடம் தோற்றார், அப்போதும் பீஜிங் வாய்ப்பு இவருக்கே கிடைத்தது. வெளிநாட்டுப் போட்டிகளின் சாதனையையும் சேர்த்துப் பார்ப்பது ஜப்பானிய வழக்கம், அதில் தப்பில்லை. ஆனாலும் 2008 பற்றி யோசிக்கும்போது என் மனசு யமாகிஷி பக்கம்தான். பாயில் ஜெயித்தவள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. தானி மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

குழந்தை பெற்ற பிறகு திரும்பி வருவது நடக்கிற காரியமா?

பேஸ்பால் வீரர் யோஷிதோமோ தானியை 2003-இல் மணந்தார். "தமுராவாகத் தங்கம், தானியாகவும் தங்கம்" என்று சொல்லி ஏதென்ஸில் ஜெயித்தார். 2005 கடைசியில் மகன் பிறந்தான். 2007 செப்டம்பரில், 32 வயதில், கியூபாவின் பெர்மோயை வென்று ஏழாவது உலகப் பட்டம். "அம்மாவாகவும் தங்கம்" என்று பீஜிங் போனார். அரையிறுதியில் ருமேனியாவின் துமித்ருவிடம், கடைசி நிமிடத்தில் விழுந்த தண்டனையால் தோற்று வெண்கலம் வாங்கினார். அந்த வெண்கலம் எனக்கு மற்ற நான்கையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசையும் இடுப்பும் திரும்பக் கட்டுக்குள் வருவதற்குள் என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

ஜூடோவை நம்பிப் பிழைக்க முடியுமா?

பரிசுப் பணத்தை மட்டும் நம்பினால் கஷ்டம். உலக ஜூடோ சம்மேளனப் போட்டிகளில் அந்தப் பணத்திலும் 20 சதவீதம் பயிற்சியாளருக்குப் போகும். ஜப்பானில் பெரிய கம்பெனிகளே வீரர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும். தானி டொயோட்டாவில் இருந்தார். 2010-இல் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வாகி, அந்த ஆண்டே ஓய்வை அறிவித்தார்.

நம் நாட்டில் அந்த இடத்தைக் காவல்துறை, ராணுவம், ரயில்வே வேலைகள்தான் நிரப்புகின்றன. இதே 48 கிலோவில் 2014, 2022 காமன்வெல்த் வெள்ளி வாங்கிய சுசீலா தேவி மணிப்பூர் காவல்துறையைச் சேர்ந்தவர். டோக்கியோ ஒலிம்பிக் ஜூடோவுக்கு இந்தியாவிலிருந்து போனது அவர் ஒருவர்தான்.

தானிக்குப் பிறகு ஜப்பானுக்கு 48-இல் ஒலிம்பிக் தங்கம் உண்டா?

20 ஆண்டு காத்திருந்தார்கள். 2024 பாரிஸில் சுனோதா நத்சுமி வாங்கினார், 31 வயதில்.

எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்?

அட்லாண்டா இறுதியைப் பாருங்கள். அப்புறம் சிட்னி. சிட்னியில் அந்த வீச்சை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய அரை நிமிடம், சட்டையில் யார் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புரியவில்லை என்றால் எந்த நொடியில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குகிறேன்.