தாத்தாவின் பைப் திருமலை நாயக்கர் காலத்ததா?

கேள்வி: எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். தாத்தா மதுரையில் ஒரு மில்லில் வெள்ளைக்கார மானேஜரிடம் வேலை பார்த்தவர். பழைய வீட்டை இடித்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று வளைந்த மரப் பைப். கறுப்பு வாய்க்குழல், நடுவில் வெள்ளி வளையம். மற்றொன்று மேலே அகன்று கீழே குறுகிய மண் குழல். பழம்பொருள் தரகர் ஒருவர், பைப் திருமலை நாயக்கர் காலத்தது, மண் குழல் கீழடி காலத்தது, இரண்டும் வெளிநாட்டில் பல லட்சத்துக்குப் போகும் என்கிறார். சான்றிதழ் எடுக்க 18,000 ரூபாய் கேட்கிறார். மண் குழலைப் 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று எடுத்துப் போயிருக்கிறார். நம்பலாமா? அரசிடம் ஒப்படைக்க வேண்டுமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் அனுப்பிய படங்களே மரப் பைப்பின் வயதைப் பாதி சொல்லிவிடுகின்றன. கிண்ணத்தின் பக்கவாட்டில் பறவைக் கண்கள் போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன, பாருங்கள். இது பிரையர் என்னும் வேர்க்கட்டை. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேரடியில் திரளும் முண்டு அது. சூட்டைத் தாங்கும், எளிதில் கருகாது. பிரான்சில் செயின்ட் குளோத் என்ற ஊரார் இதைக் கடைந்து பைப் செய்யத் தொடங்கியது 1850களில்தான். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. இடையே இருநூறு ஆண்டு இருக்கிறது. நாயக்கர் காலத்தில் இந்தியாவில் புகையிலை இருந்தது என்பது உண்மைதான். பிஜப்பூரிலிருந்து அசத் பேக் என்பவர் அக்பரின் அரசவைக்கு அதைக் கொண்டுபோனார். 1617இல் ஜஹாங்கீர் தடை போடும் அளவுக்குப் பழக்கம் பரவிவிட்டது. ஆனால் புகையிலை இருந்தது என்பதற்காக இந்தப் பைப்பும் அப்போது இருந்ததாகிவிடாது.

கறுப்பு வாய்க்குழலைக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தீக்குச்சி உரசியது போல் கந்தக வாடை வந்தால் அது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் குட்இயர் காப்புரிமை பெற்றதே 1844இல். படத்தில் வாய்க்குழலின் முனை பாசி நிறத்துக்கு மாறியிருக்கிறது. எபோனைட் வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் அப்படித்தான் நிறம் மாறும்.

மீதி வயதை வெள்ளி வளையம் சொல்லும். ஆவணி மூல வீதியில் தெரிந்த பொற்கொல்லர் யாராவது இருந்தால் அவருடைய பூதக்கண்ணாடியை ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். வளையத்தில் அரிசிமணி அளவில் வரிசையாக முத்திரைகள் இருக்கும். நடக்கும் சிங்கம் இருந்தால் அது இங்கிலாந்தின் தரமான வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று கட்டத்துக்குள் நிற்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது. அந்த எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். எழுத்துகள் ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமும் கட்டத்தின் வடிவமும் மாறும். ஆகவே ஊர் முத்திரையையும் எழுத்தையும் கட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்த ஆண்டு முத்திரை என்று சொல்லிவிடலாம். இதற்கான பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் படத்தில் நங்கூரம் தெரிகிறது, எழுத்து தெளிவாக இல்லை. தாத்தா வெள்ளைக்கார மானேஜரிடம் வேலை பார்த்தார் என்பதற்கு இந்த நங்கூரம் நன்றாகவே பொருந்துகிறது. மதுரைப் பக்கத்துச் சாமானியர்கள் சுருட்டும் வெற்றிலைப் புகையிலையும் போட்டவர்கள். பைப் வந்தது மில் துரைகள், எஸ்டேட் துரைகள், பட்டாளம் வழியாகத்தான்.

மண் குழலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தரகர்கள் விளையாடுவது இங்கேதான்.

படத்தில் இருப்பது சிலும்பி. ஐரோப்பியரின் மண் பைப் வேறு மாதிரி இருக்கும். வெள்ளைக் களிமண், நீண்ட மெல்லிய தண்டு, கிண்ணத்துக்கு அடியில் சின்னக் குதி. ஹாலந்தின் கௌடா ஊர்ப் பைப்புகளில் அந்தக் குதியில் செய்தவரின் முத்திரையும் இருக்கும். புகையிலை விலையேறிய சரக்காக இருந்த ஆரம்ப காலத்தில் அவற்றின் கிண்ணம் சுண்டுவிரல் நுனி அளவுதான். உங்களுடையது உள்ளூர்ச் செம்மண்ணில் சக்கரத்தில் வனைந்தது. கஞ்சா குடிக்கும் சாமியார்கள் கையில் இன்றும் பார்க்கலாம், குயவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

'புகையிலை இந்தியாவுக்கு வந்ததே போர்த்துகீசியருக்குப் பிறகு, அப்படியிருக்கக் கீழடி காலத்தில் எப்படிப் பைப்?' என்று கேட்டுத் தரகரை மடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது, அவருக்கும் அது தெரியும். புகையிலைக்கு முன்பும் இந்த நாட்டில் புகை குடித்தார்கள். சரக சம்ஹிதையில் மூலிகைகளை அரைத்து நாணல் குச்சியில் பூசி, காயவைத்து, குச்சியை உருவிவிட்டு, நெய் தடவிப் பற்றவைத்துக் குழலில் வைத்து இழுக்கும் முறை இருக்கிறது. தலைக்கனம், இருமல் போன்றவற்றுக்கு அது மருந்து. வெம்பக்கோட்டை அகழாய்வில் சுடுமண் புகைப்பான் கிடைத்ததாகச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தப் பத்திரிகைத் துண்டைத்தான் தரகர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார். எனவே 'பழைய சுடுமண் புகைக்குழல் இருக்கவே முடியாது' என்று சொல்லாதீர்கள். இருக்க முடியும். ஆனால் அகழாய்வில் கிடைத்த குழலுக்கு வயது சொல்வது குழல் அல்ல. அது எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓடுகளோடு கிடந்தது என்பதுதான் சொல்கிறது. குழலைத் தனியாக எடுத்துக் கையில் கொடுத்தால் அகழாய்வு செய்தவரும் ஆண்டு சொல்ல மாட்டார். உங்கள் குழல் கிடந்தது டிரங்குப் பெட்டியில், உங்கள் தாத்தாவின் வேட்டிக்கு அடியில்.

அந்த 18,000 ரூபாயைப் பற்றி. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று சொல்லி நம் மாவட்டங்களில் எத்தனை பேரின் நகையையும் நிலத்தையும் விழுங்கினார்கள்! அதே ஆட்கள், அதே பேச்சு, பொருள் மட்டும் மாறியிருக்கிறது. முதலில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வருவார். அவரை நீங்கள் ஒருநாளும் நேரில் பார்க்க மாட்டீர்கள். பிறகு சான்றிதழ் செலவு, அதன் பிறகு 'கார்பன் டெஸ்ட்' செலவு. கடைசி முன்னூறு ஆண்டுப் பொருள்களுக்கு அந்தச் சோதனை துல்லியமாக வயது சொல்லாது. அதற்குப் பொருளிலிருந்து ஒரு துண்டும் வெட்டியெடுக்க வேண்டும். தனியார் யாரும் கொடுக்கும் 'பழம்பொருள் சான்றிதழ்' சட்டத்தின் முன் வெறும் காகிதம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அவர் சொல்வது போல் பைப் உண்மையிலேயே நூறு ஆண்டைத் தாண்டியது என்றால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம் சிறை. அப்போது மாட்டுவது காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நீங்கள், தரகர் அல்ல.

அரசிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. மண்ணைத் தோண்டும்போது கிடைத்திருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துத் தொடங்கலாம். பெட்டியில் இருந்த குடும்பச் சொத்துக்கு அது பொருந்தாது. தொல்பொருள் சட்டப்படி பதிவு கட்டாயம் என்பதும் சிற்பம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி போன்ற சில வகைகளுக்குத்தான். பைப் அதில் வராது.

இதை உங்களுக்கு நேரில் சொல்ல ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஆற்றாமை. மாவட்டத்துக்கு ஒரு நாள், ஒரு மேசை, விவரம் தெரிந்த ஒருவர்: 'இது இன்னது, பயப்படாமல் வீட்டில் வைத்திருங்கள்' என்று சொல்ல இது போதும். அதைச் செய்யாமல் அரசு அதிகாரிகள் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு, அங்கிருந்து சென்னைக்கு, அங்கிருந்து 'மனுவாகக் கொடுங்கள்' என்று அலைக்கழித்தால் ஜனங்கள் தரகரிடம் போகாமல் எங்கே போவார்கள்? ஐம்பது ஆண்டுக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. சாமானியன் தன் தாத்தா பொருளைக் காட்டிக் கேட்க ஒரு வாசல் திறக்க இவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

விலை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: பெயர் பெற்ற கம்பெனி முத்திரை இல்லாத பழைய பிரையர் பைப் லட்சங்களுக்குப் போவதில்லை, வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைத் திருநீறு போட்டோ புளி போட்டோ தேய்க்காதீர்கள். முத்திரை மழுங்கினால் ஆண்டும் போய்விடும். வாய்க்குழலை வெந்நீரில் போடாதீர்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் கரியைச் சுரண்ட வேண்டாம். துணியில் சுற்றி வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். நாளைக்கே தரகரிடம் போய் மண் குழலைத் திரும்பக் கேளுங்கள், தனியாகப் போக வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்ட தாளோ ஆதார் நகலோ அவரிடம் இருந்தால் அதையும் கையோடு வாங்கி வாருங்கள். கொடுக்க மறுத்தால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.