மைகாட்டில் ‘இஸ்லாம்’: மலேசிய வாசகர் கேள்விகள்

கே: முஸ்லிமான என் தோழி கிறிஸ்தவத்துக்கு மாறி ஞானஸ்நானமும் பெற்றுவிட்டாள். அந்தச் சான்றிதழைக் காட்டினால் பதிவு இலாகாவில் மைகாட்டை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, திருத்தித் தருவார்களா?

ப: மாட்டார்கள். பெயரை மாற்றுவது வேறு, மதத்தை நீக்குவது வேறு. முஸ்லிமாகப் பிறந்த லீனா ஜாய் 1998-இல் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் மாற்றத்தை இலாகா ஏற்றது. புது அட்டையிலோ ‘இஸ்லாம்’ அப்படியே அச்சாகி வந்தது. ஷரியா நீதிமன்ற (முஸ்லிம்களுக்கான சமய நீதிமன்ற) உத்தரவு கொண்டு வா என்றார்கள். 2007 மே 30-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், 2-க்கு 1 என்ற கணக்கில், இலாகா சொன்னதே சரி என்றது. ஞானஸ்நானச் சான்றிதழ் தேவாலயத்துக்குள் செல்லும், கவுண்டரில் செல்லாது.

கே: அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறதே?

ப: தருகிறது. ஆனால் 1988-இல் சேர்த்த 121(1ஏ), ஷரியா வரம்புக்குள் வரும் விஷயத்தில் சிவில் உயர் நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது. மலாய்க்காரருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு: 160-ஆவது பிரிவின்படி இஸ்லாத்தைப் பின்பற்றுபவரே மலாய்க்காரர்.

கே: ஷரியா நீதிமன்றத்துக்கே போய்விட்டால்?

ப: எந்த மாநிலம் என்பதை முதலில் பாருங்கள். நெகிரி செம்பிலானின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், 119-ஆவது பிரிவில், வழியை எழுதியே வைத்திருக்கிறது. மனு போட்டதும் நீதிபதி மனந்திரும்பச் சொல்வார். வழக்கை 90 நாள் தள்ளிவைத்து ஆலோசனைக்கு அனுப்புவார். அப்போதும் மறுத்தால் மேலும் ஓராண்டு வரை தள்ளிவைக்கலாம். மலாக்காவிலோ 180 நாள் வரை இஸ்லாமிய மறுவாழ்வு மையத்தில் அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஷரியா நீதிமன்றத்தில் வாதாட ‘பெகுவாம் ஷரியி’, அதாவது ஷரியா வழக்கறிஞர், வேண்டும். வழக்கமான வக்கீலை அழைத்துப் போய்ப் பயனில்லை.

மனுவின் வாசகமும் முக்கியம். ‘நான் ஒருபோதும் முஸ்லிமாக இருந்ததில்லை’ என்பது ஒரு வழக்கு; ‘இனி முஸ்லிம் இல்லை’ என்பது வேறு வழக்கு. பௌத்தத் தாயிடம் வளர்ந்த ரோஸ்லிசா 2021 பிப்ரவரியில் முதல் வகையில் கூட்டரசு நீதிமன்றத்திலேயே வென்றார். 2018-இல் இரண்டாம் வகையில் வந்த சரவாக்கைச் சேர்ந்த நால்வரை அதே நீதிமன்றம் ஷரியாவுக்கே போகச் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகைதான். இதை மறைத்து நம்பிக்கை ஊட்டும் வக்கீலிடம் பணம் கட்டாதீர்கள்.

கே: அட்டை மாறாமலே கிறிஸ்தவரைத் திருமணம் செய்ய முடியுமா?

ப: பதிவு செய்ய முடியாது. 1976-ஆம் ஆண்டின் சிவில் திருமணச் சட்டம் முஸ்லிமுக்குப் பொருந்தாது. பாதிரியார் நடத்திவைத்தாலும் அரசுக் கணக்கில் அது திருமணமல்ல.

கே: இறந்த பின்?

ப: இஸ்லாமிய சமய இலாகா உடலைக் கோரலாம். மலேசியாவின் எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இருந்த மூர்த்தி இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி வாதாடினார். இஸ்லாத்துக்கு மாறியவர் என்று ஷரியா நீதிமன்றம் முன்பே தீர்ப்பளித்திருந்தது. தலையிட முடியாது என்றது உயர் நீதிமன்றம். 2005 டிசம்பர் 28, அன்றே முஸ்லிம் முறைப்படி அடக்கம் நடந்தது.