கன்டெய்னர் வரிசையில் ஊரும் காருக்கு எந்த கியர்? - கேள்வி-பதில்

கேள்வி: வீடு திருவொற்றியூர், வேலை பாரிமுனை. போக வர இரண்டு மணி நேரம் வண்டியிலேயே போய்விடுகிறது. இடது முழங்காலில் வலி ஆரம்பித்திருக்கிறது. மாருதி சுவிஃப்ட் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். கியரைக் கையால் மாற்றும் மேனுவலா, தானாக மாறும் ஏஎம்டியா என்று குழப்பம். "மேனுவலே எடு, ஏஎம்டியில் கிளட்ச் சீக்கிரம் போய்விடும்" என்கிறார் அண்ணன். ஷோரூமிலோ ஏஎம்டியைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் முழங்காலின் பேச்சைக் கேளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் கழிகிறது என்றால், மேனுவல் உங்களுக்கான வண்டி இல்லை. கிளட்ச் பிளேட்டைப் பணம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பெட்டிதான். அதே கிளட்ச் பிளேட், அதே பல்சக்கரங்கள். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு சிறு பம்பும் வால்வுகளும், அவற்றை ஆட்டிவைக்கும் ஒரு கணினியும் செய்கின்றன. 2014-இல் மாருதி செலெரியோவில் இது இந்தியாவுக்கு வந்தபோது, குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் கிடைத்ததற்குக் காரணமே இந்த எளிய அமைப்புதான். 2024-இல் சுவிஃப்டில் ஒரே வேரியன்ட்டின் மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் எக்ஸ்ஷோரூம் விலையில் (சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலை) 45,000 முதல் 50,000 ரூபாய் வரைதான் வித்தியாசம் இருந்தது. மைலேஜ் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். 2024 சுவிஃப்டில் சான்றளிக்கப்பட்ட அளவு மேனுவலுக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ., ஏஎம்டிக்கு 25.75 கி.மீ. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டுமே இந்த எண்ணை எட்டாது, ஆனால் ஏஎம்டி அதிகம் குடிக்கும் என்று சொல்ல இடமில்லை.

கிளட்ச் தேய்வது நெரிசலில். 'டி'யில் (முன்னோக்கி ஓட்டும் நிலை) வைத்துப் பிரேக்கை விட்டால் வண்டி தானாக மெல்ல நகர்கிறதே, அப்போது கிளட்ச் முழுதாகப் பிடித்திருப்பதில்லை. நம் மெக்கானிக்குகள் ஹாஃப் கிளட்ச் என்பார்களே, அந்த நிலை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் இரண்டடி, மூன்றடி என்று நகர்ந்துகொண்டே இருந்தால் பிளேட் சூடேறிக்கொண்டே இருக்கும். வாசனை உங்களுக்குத் தெரியும் முன்பே தேய்மானம் தொடங்கிவிடும். மேனுவலை ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டுகிறவருக்கும் இதே கதிதான் என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஆகவே ஏஎம்டி எடுத்தால் சில பழக்கங்களை முதல் நாளிலேயே கைக்கொள்ள வேண்டும். முன்னால் போகும் வண்டி ஓரடி நகர்ந்ததும் நீங்களும் நகராதீர்கள். ஒரு கார் நீளத்துக்கு இடம் விழும்வரை பிரேக்கை அழுத்தி நின்று, பிறகு ஒரே மூச்சில் போய் நில்லுங்கள். இடையில் ஆட்டோ நுழையும், நுழையட்டும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் 'என்'னுக்கு (நியூட்ரல்) மாற்றி ஹேண்ட்பிரேக் போடுங்கள். கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறதே என்று பலரும் குறைப்படுகிறார்கள். அது அந்த வடிவத்தின் இயல்பு. இன்ஜின் சத்தம் ஏறி, அடுத்த கியர் விழப்போகும் நொடியில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். லாரியை முந்தும்போது 'டி'யை நம்பி மிதிக்க வேண்டாம். அது யோசித்துக் கியர் இறக்குவதற்குள் எதிரில் வண்டி வந்துவிடும். 'எம்'முக்கு (கியரை நாமே மாற்றும் நிலை) மாற்றி, ஒரு கியர் நீங்களே இறக்கிக்கொண்டு முந்துங்கள்.

கூடுதலாகப் பணம் புரட்ட முடியும் என்றால் ஏஎம்டியைத் தாண்டிப் பார்க்கச் சொல்வோம். டார்க் கன்வெர்ட்டர் என்ற ஆட்டோமேட்டிக் வகையில், நகரத் தொடங்கும் நேரத்தில் இன்ஜினையும் கியரையும் இணைப்பது எண்ணெய். நாள் முழுக்க ஊர்ந்தாலும் தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட் இல்லை. பிரெஸ்ஸாவிலும் ஃபிராங்ஸின் டர்போ வகையிலும் இருப்பது இதுதான். சிவிடி என்ற இன்னொரு ஆட்டோமேட்டிக் வகையில் பல்சக்கரங்களுக்குப் பதில் இரண்டு கப்பிகளும் ஒரு உலோகப் பட்டையும் இருக்கும். கியர் மாறுவதே தெரியாது. ஹோண்டா அமேஸில் இது கிடைக்கிறது. திடீரென்று மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். நெரிசலுக்கு அது ஒரு குறையே அல்ல. இரண்டு கிளட்ச் கொண்ட டூயல் கிளட்ச் வகை வெட்ட வெளிச் சாலையில் அருமையானது. ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்டது என்றால், கன்டெய்னர் வரிசையில் தினமும் ஊர்கிறவருக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏஎம்டி கிளட்சுக்குச் சொன்ன சூடு அதற்கும் உண்டு, பழுதுபார்க்கும் செலவோ பல மடங்கு.

டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குத் தண்டையார்பேட்டை வழியாக அரை மணி நேரம் ஓட்டிப்பார்க்கக் கேளுங்கள். ஷோரூம்காரர்கள் தயங்குவார்கள், விடாதீர்கள்.

கேள்வி: ஏஎம்டி கார் வாங்கி நான்கு மாதம். மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது நின்று கிளம்பினால் வண்டி பின்னால் போகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே பிடித்து நிறுத்துகிறேன். ஒருநாள் கருகல் வாடை வந்து, கியர்பெட்டி விளக்கும் எரிந்தது. பழுதா? - பெரம்பூர் வாசகர்

பதில்: பழுது இல்லை, ஆனால் இப்படியே ஓட்டினால் ஆகிவிடும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது, சுழலும் இன்ஜினுக்கும் நிற்கும் சக்கரத்துக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த வாடை பிளேட்டின் மேற்பூச்சு கருகும் வாடை. அந்த விளக்கு பெரும்பாலும் சூட்டுக்கான எச்சரிக்கை. அப்படி வந்தால் ஓரமாக நிறுத்தி, 'என்'னில் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். மறுபடியும் எரிந்தால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் நிற்க வேண்டியது எப்போதும் பிரேக்கில். உங்கள் வண்டியில் ஹில் ஹோல்ட் வசதி இருந்தால், பிரேக்கை விட்ட பிறகும் இரண்டு நொடி வரை வண்டி பின்னால் போகாமல் நிற்கும். அதற்குள் ஆக்சிலரேட்டரை மிதித்துவிடலாம். இல்லையென்றால் மேனுவலில் கற்ற பழைய முறைதான்: ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, மெல்ல மிதித்து, வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பும்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது இந்த முறைதான் காப்பாற்றும்.

இன்னொன்று. ஏஎம்டி வண்டிகள் பலவற்றில் 'பி' (பார்க்கிங் நிலை) கிடையாது. 'என்'னில் விட்டுவிட்டு இறங்கினால் வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட்பிரேக் மட்டுமே. பிரேக்கை மிதித்தபடி 'டி'யிலோ 'ஆர்'ரிலோ (ரிவர்ஸ்) வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிறகு இன்ஜினை அணையுங்கள்.

கேள்வி: மழைத் தண்ணீரில் மாட்டினால் ஆட்டோமேட்டிக் மொத்தமாகப் போய்விடும் என்கிறார்களே? - வியாசர்பாடி வாசகர்

பதில்: தண்ணீரால் இன்ஜின் போவதற்குக் காரணம், காற்று இழுக்கும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போவது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதில் மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற பேதமே இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எந்த கியராக இருந்தாலும் சுற்றிப் போவதுதான் வழி.

வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. வண்டி நின்றுவிட்டால் மேனுவலை நியூட்ரல் செய்து நான்கு பேர் தள்ளிவிடலாம். ஏஎம்டி கியரில் இருக்கும்போது பேட்டரி செத்துவிட்டால் நியூட்ரலுக்கு மாற்ற முடியாது, முன்சக்கரம் பூட்டியதுபோல நிற்கும். டார்க் கன்வெர்ட்டரையும் சிவிடியையும் முன்சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. இன்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் பம்பும் ஓடாது, பாகங்கள் வறண்டு உரசும். வண்டி முழுவதையும் மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் ரெக்கவரி வண்டி வேண்டும் என்று போனிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சக்கரத்தின் பாதிக்கும் கீழே தண்ணீர் இருக்கும் சாலையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால், 'எம்'மில் முதல் கியர், சீரான வேகம். நடுவில் கியர் மாற்றாதீர்கள், காலை எடுக்காதீர்கள். இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். நின்ற இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம், தண்ணீரோடு சுழற்றிய இன்ஜினைக் காப்பாற்ற முடியாது. கியர்பெட்டியின் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் போயிருந்தால் எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுக்கும். அதைப் பார்க்கச் சொல்லி மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

இன்ஷூரன்ஸில் 'இன்ஜின் புரொடெக்ட்' கூடுதல் பாதுகாப்பு இல்லையென்றால், தண்ணீர் புகுந்து இன்ஜின் உடைந்ததற்குப் பணம் கிடைப்பது கடினம். நம் வடசென்னையில் கார் வைத்திருப்பவர் இதை விடவே கூடாது. அதில் கியர்பெட்டியும் அடங்குகிறதா என்று பாலிசியில் படித்துப்பாருங்கள்.

கேள்வி: ஒரே காரில் மேனுவல் 9.70 லட்சம், ஆட்டோமேட்டிக் 10.50 லட்சம், எக்ஸ்ஷோரூம். 80,000 தானே என்று ஆட்டோமேட்டிக்கை புக் செய்யலாமா? - மாதவரம் வாசகர்

பதில்: 80,000 அல்ல. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுட்கால வரி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும் 18. உங்கள் மேனுவலுக்கு வரி 1,26,100 ரூபாய், ஆட்டோமேட்டிக்குக்கு 1,89,000. வரியில் மட்டும் 62,900 கூடுகிறது. விலை வித்தியாசத்தோடு சேர்த்தால் 1,42,900, அதன் மேல் இன்ஷூரன்ஸ். பத்து லட்சம் தாண்டியதால் 1 விழுக்காடு டிசிஎஸ்ஸும் (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும்.

அதே காரில் ஒரு படி கீழே உள்ள வேரியன்ட்டின் ஆட்டோமேட்டிக் 10 லட்சத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் போனால் போகட்டும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக்கில் கற்றுக்கொண்டு உரிமம் எடுத்தால் மேனுவல் ஓட்டக் கூடாதா? மகளுக்காகக் கேட்கிறேன். - கொளத்தூர் வாசகி

பதில்: காருக்கு எல்எம்வி (இலகுரக வாகன) உரிமம் ஒன்றுதான், இரண்டையும் ஓட்டலாம். ஆனாலும் மேனுவலில் கற்பது நல்லது. வேறொருவர் வண்டியை அவசரத்துக்கு எடுக்க வேண்டி வந்தால் கை கொடுக்கும்.

கேள்வி: ஐந்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் காரைப் பழைய வண்டியாகப் பார்த்து வைத்திருக்கிறேன். எதைச் சோதிப்பது? - தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: நீங்கள் போகும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். பானெட்டைத் தொட்டுப்பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். பல கோளாறுகள் குளிர்ந்த நிலையில்தான் தெரியும், சில சூடான பிறகு. இரண்டையும் பார்க்க அரை மணி நேர ஓட்டமாவது வேண்டும்.

பிரேக்கை மிதித்தபடி 'என்'னிலிருந்து 'டி', பிறகு 'ஆர்' என்று மாற்றுங்கள். டார்க் கன்வெர்ட்டரிலும் சிவிடியிலும் ஒரு நொடி அளவில் மெல்லப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதமோ 'டங்' என்ற அடியோ வந்தால் எச்சரிக்கை. சிவிடியை 20-லிருந்து 40 கி.மீ. வேகத்துக்கு மெதுவாக ஏற்றுங்கள். நடுக்கமோ, வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தமோ இருந்தால் விலகிவிடுங்கள். ஏஎம்டி என்றால் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். தேய்ந்த கிளட்ச் அங்கே காட்டிக்கொடுக்கும்: இன்ஜின் அலறும், வண்டி நகராது.

கிளட்ச் மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் கியர்பெட்டியை இறக்கும் கூலி ஒன்றே. ஏஎம்டியில் மாற்றிய பிறகு, புதிய கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் கொண்டு கணினிக்குக் கற்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வண்டிகள்தான் ஒவ்வொரு கியருக்கும் குதிக்கின்றன. சர்வீஸ் பதிவில் கியர்பெட்டி எண்ணெய் மாற்றிய தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிவிடிக்கு அதற்கென்று உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் ஊற்றியிருந்தால் பட்டை வழுக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு முந்தைய வண்டி என்றால் இன்னும் கவனம். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியில் துரு, ஃபியூஸ் பெட்டியில் மண், தரைவிரிப்புக்கு அடியில் புளித்த வாடை ஆகியவற்றைத் தேடுங்கள். விற்பவர் பாலிஷ் போட்டது பெயின்டுக்குத்தான் இருக்கும், சீட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டுகளுக்கு இருக்காது. கடைசி இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி) எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். ஐந்து வருட வண்டிக்கு அது பூஜ்யம் என்றால், எதற்காக கிளெய்ம் வாங்கினார் என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.